தமயந்தி மாலையிட்டது யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 27. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். தினமும் பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் போனில் பேன்டசி நாவல்கள் வாசிப்பேன். உண்மையைச் சொன்னால் போர், மந்திரம், அரியணைச் சண்டை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, காதலர்கள் இரண்டு பேரும் சந்திக்கிற பக்கங்களைத்தான் தேடித்தேடி வாசிக்கிறேன். பேசிவந்த மூன்று சம்பந்தங்களை இதுவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலாவது வீட்டார் சீதனக் காணி எத்தனை பேர்ச் என்றுதான் கேட்டார்கள். இரண்டாமவர் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடவேண்டும் என்றார். மூன்றாமவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மனதில் எதுவும் தோன்றவில்லை. "இந்தக் கதைகள்தான் உன்னைக் கெடுத்தது, வாளோடு வருகிற இளவரசனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்" என்று அக்கா ஏசுகிறா. அவ சொல்வது சரியா? இந்தக் கதைகளில் எனக்கு என்னதான் பிடித்திருக்கிறது?
– வாசகி, உவர்மலை

பதில்:

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் அக்காவுக்கு என்ன சொல்வது என்பதும் தெரிந்துவிடும்.

நளன் தமயந்தி கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் போனில் வாசிக்கிற வகைக் கதைதான் அதுவும். தூது போகிற அன்னம் இருக்கிறது, உருமாறுகிற தேவர்கள் இருக்கிறார்கள். அதில் சுயம்வர மண்டபத்துக் காட்சியை மட்டும் திரும்ப நினைத்துப் பாருங்கள். தமயந்தி மாலையோடு வருகிறாள். எதிரே ஐந்து நளன்கள். இந்திரன், அக்கினி, யமன், வருணன் நால்வரும் அவளை ஏமாற்றி அடைய நளன் உருவத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நால்வருக்கும் கண் இமைக்கவில்லை, உடம்பு வியர்க்கவில்லை, கழுத்து மாலை வாடவில்லை, பாதம் நிலத்தில் படவில்லை. ஐந்தாமவனுக்கு வியர்த்திருக்கிறது. அவன் மாலை வாடிக் கிடக்கிறது. உடம்பில் தூசி, தரையில் நிழல். அவள் அவன் கழுத்தில் மாலையைப் போடுகிறாள்.

அக்கா சொல்கிற இளவரசர்கள் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். மரணமில்லாதவர்கள், குறையில்லாதவர்கள். அவர்களை விட்டுவிட்டு வியர்த்தவனைத் தெரிவு செய்தாள் என்பதால்தான் அந்தக் கதை இத்தனை காலம் உயிரோடிருக்கிறது. நீங்களும் இதைத்தான் தேடி வாசிக்கிறீர்கள் என்பது என் எண்ணம். யாரை வேண்டுமானாலும் அடையக்கூடிய ஒருத்தி, எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு குறையுள்ள மனிதனைத் தெரிவு செய்கிற அந்தக் கணம். அல்லது எத்தனை வேடத்துக்குள் இருந்தாலும் தன்னை ஒருவர் சரியாக அடையாளம் காண்கிற கணம். யாரோ ஒருவர் நம்மை அப்படி அறிந்து ஏற்கவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. சாதாரணக் கதையில் அதைக் காட்ட எழுத்தாளர் நிறையப் பாடுபடவேண்டும். பேன்டசியில் ஐந்து நளன்களை ஒரே வரிசையில் உட்காரவைத்துவிடலாம்.

மேற்கிலும் இதே பழக்கம்தான். ஆங்கிலப் பேன்டசி எழுத்தாளர் டோல்கீன் எழுதிய கதையில் லூத்தியன் என்ற மரணமில்லாக் குலத்துப் பெண், பெரென் என்ற சாதாரண மனிதனுக்காகத் தன் சாவாமையையே விட்டுக்கொடுக்கிறாள். அது வெறும் கற்பனையாக அவருக்கு இருக்கவில்லை. இளவயதில் எடித் என்ற பெண்ணை விரும்பினார். 21 வயது ஆகும்வரை அவளோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்று பாதுகாவலராக இருந்த பாதிரியார் தடுத்துவிட்டார். 1913இல் 21 ஆனதும் உடனே கடிதம் எழுதினார். அதற்குள் எடித்துக்கு வேறொருவரோடு நிச்சயமாகியிருந்தது. எடித் அதை முறித்துக்கொண்டு வந்தார், 1916இல் கல்யாணம் நடந்தது. ஒக்ஸ்போர்டில் இருவரையும் அடக்கம் செய்த கல்லறையில் அவர்கள் பெயர்களுக்குக் கீழே லூத்தியன், பெரென் என்று பொறித்திருக்கிறது. மாயக் கதைக் காதலும் வீட்டுக்குள் வாழ்ந்த காதலும் அந்த மனிதருக்கு இரண்டாக இருக்கவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். இந்தக் கதைகள் காதலைச் சின்ன விஷயமாக நடத்துவதில்லை. மணிமேகலையில் சோழ மன்னன் நாகநாட்டு இளவரசி பீலிவளையை விரும்புகிறான். அவர்களுடைய குழந்தை கப்பலில் வரும்போது கடலில் காணாமல் போகிறது. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திர விழாவை மறக்கிறான், புகார் நகரத்தையே கடல் கொள்கிறது. ஒருவனுடைய துக்கத்துக்கு ஒரு நகரம் முழுகிப்போகிறது! நம் வீடுகளில் ஒரு பெண்ணின் மனம் பற்றிய பேச்சு குறிப்புப் பொருத்தத்துக்கும் காணிக்கும் பிறகுதான் வருகிறது, வந்தால். அப்படியொரு சூழலில், மனதில் நடப்பது உலகத்தையே அசைக்கும் என்று நம்புகிற கதை இனிக்கத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் போர்ப் பக்கங்களை அப்படியே தள்ளிவிடாதீர்கள். நீங்கள் தேடுகிற பக்கங்கள் அவற்றால்தான் இனிக்கின்றன. ஒன்றாக நடந்த தூரம், ஒருவர் தூங்க மற்றவர் காவலிருந்த இரவு, காயத்துக்குக் கட்டுப்போட்ட கை, ஒரு பொய்யை மன்னித்தது, இவையெல்லாம் சேர்ந்துதான் கடைசியில் ஒருவர் மற்றவரின் பெயரைச் சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. எதிரிகளாக இருந்தவர்கள் காதலர்களாகிற கதைகளை வாசகர்கள் இவ்வளவு விரும்புவதும் இதனால்தான். ஒருவரைப் பற்றிய முடிவை மெல்ல மெல்ல மாற்றிக்கொள்வதைப் பார்க்கிற சுகம் அது.

இந்த வகையில் எனக்குப் பிடிக்காதவையும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லவேண்டும். விதியே இருவரையும் கட்டிப்போட்டுவிட்டது, மறுக்கவே முடியாது என்று வருகிற கதைகளில் தெரிவு என்பதே இல்லாமல் போகிறது. பல நூறு வயது நாயகன் அவள் தூங்குவதை ஒளிந்திருந்து பார்ப்பதும், அவளோடு பேசுகிறவனையெல்லாம் மிரட்டுவதும் காதல் என்று எழுதப்பட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். முதல் பாகத்தில் தனியாக நின்று போரிட்டவள், காதல் வந்ததும் காப்பாற்றப்படுவதற்கு மட்டுமே மிஞ்சுகிற கதைகளும் அப்படித்தான். கோணேசர் மலை உச்சியில் சொல்லப்படும் ஒல்லாந்தப் பெண்ணின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காதலனின் கப்பல் போவதைப் பார்த்து அங்கிருந்து குதித்தாள் என்பார்கள். எனக்கு அந்தக் கதையில் மனம் ஒட்டுவதேயில்லை. நல்ல பேன்டசி எழுத்தாளர் கையில் அவள் கிடைத்திருந்தால், வேறொரு கப்பலைப் பிடித்துப் பின்னாலேயே போயிருப்பாள், போகிற வழியில் அவன் அதற்குத் தகுதியானவன்தானா என்றும் யோசித்திருப்பாள்.

சரி, அக்காவின் குற்றச்சாட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தை நீங்களே திரும்ப வாசியுங்கள். முதலாவது வீட்டார் காணியைக் கேட்டார்கள், இரண்டாமவர் உங்கள் வேலையைக் கேட்டார். இந்த இரண்டையும் மறுக்க எந்த நாவலும் தேவையில்லை. ஒரு பக்கம்கூட வாசிக்காத பெண்ணும் மறுத்திருக்கலாம், மறுத்திருக்கவும் வேண்டும். இதை அக்காவிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். அவ உங்கள்மேல் உள்ள கவலையில்தான் ஏசுகிறா, ஆனால் காரணத்தை இடம்மாற்றி வைத்திருக்கிறா.

மூன்றாமவர் விஷயத்தில் நான் உங்களோடு கொஞ்சம் வாதாடப்போகிறேன். மனதில் எதுவும் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று எழுதவில்லை. நம் ஊர் வழக்கப்படி கோயிலிலோ வீட்டிலோ இரண்டு வீட்டாரும் சுற்றியிருக்க, அரை மணித்தியாலம் இருக்கும். உங்களுக்குப் பிடித்த கதைகளில் முப்பதாம் பக்கத்தில் அவளுக்கு என்ன தோன்றியிருந்தது? பெரும்பாலும் எரிச்சல்தான். அந்த இருவருக்கும் நானூறு பக்கம் பொறுமையாக இருக்கிற நீங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லாத ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுதை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். கதைகள் உங்களைக் கெடுத்திருந்தால் இந்த ஓர் இடத்தில்தான், அதுவும் நீங்கள் அவற்றை அவசரமாக, பொறுக்கிப் பொறுக்கி வாசிப்பதால்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1990இல் வெளியிட்ட தெஹானு என்ற பேன்டசி நாவல் கிடைத்தால் வாசியுங்கள். உலகத்திலேயே பெரிய மந்திரவாதியாக இருந்தவன் தன் சக்தி முழுவதையும் இழந்து, ஆடு மேய்க்கப் போகிறான். தெனார் கணவனை இழந்தவள், பிள்ளைகளை வளர்த்து முடித்த பண்ணைக்காரி. இருவரும் ஒருவரையொருவர் இளவயதிலிருந்தே அறிந்தவர்கள். நெருங்குவது நடுவயதில், மந்திரமெல்லாம் போன பிறகு. அந்தப் பக்கங்களில் வாள் இல்லை, இளவரசனும் இல்லை. நான் வாசித்தவற்றில் அதைவிட நெஞ்சைத் தொட்ட காதல் குறைவு.

அந்த மூன்றாமவருக்கு இன்னும் வேறிடம் முடிவாகவில்லை என்றால், அக்காவையே தூது அனுப்புங்கள். அவ சந்தோசமாகப் போவா. அப்பாவும் அம்மாவும் சம்மதித்தால் ஒரு மாதம் போனில் பேசிப்பாருங்கள். சம்பளம், இடமாற்றம் பற்றியே பேசாதீர்கள். கடைசியாக எதை நினைத்து அழுதார், எந்த விஷயத்தில் தன் முடிவை மாற்றிக்கொண்டிருக்கிறார், நீங்கள் காலையில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் மாலையில் களைத்து வந்தால் அன்றைக்கு யார் சமைப்பது, இப்படிக் கேளுங்கள். அவர் கேட்கிற கேள்விகளையும் கவனியுங்கள். நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒருமுறையாவது கேட்கிறாரா பாருங்கள். மாதம் முடிந்தும் மனம் அசையாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தப் பதிலை அக்காவும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.