17ஆம் குழியில் ஒரு 4

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை இந்த வருடம்தான் முதன்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். பழைய காட்சிகளைத் தேடியபோது 1968ஆம் ஆண்டுக் கதை கண்ணில் பட்டது. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியில் மூன்றே முறை அடித்துப் பந்தை உள்ளே போட்டதை ஊரே பார்த்திருக்கிறது. கூட ஆடிய டாமி ஆரோன் ஸ்கோர் கார்டில் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார், பட்டம் போயிற்று. கண்ணால் கண்டதைவிடக் காகிதத்தில் எழுதியது பெரிதா? இதற்குப் பெயர் விதியா, வீம்பா? வென்றவரிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கும் ஆட்டத்தையா கண்ணியமான ஆட்டம் என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள்? தப்பாக எழுதிய ஆரோனுக்கு ஒரு தண்டனையும் இல்லையாமே!

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கோபம் நியாயமானதுதான். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கோபம் வராதவர்கள் குறைவு. ஆனால் பட்டத்தை யாரும் பிடுங்கவில்லை. கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே பட்டம். கார்டில் சரியாக எழுதியிருந்தால் அன்றைய ஆட்டம் 65, நான்கு நாள் மொத்தம் 277. அந்த ஆண்டு பட்டம் பெற்ற பாப் கோல்பியின் மொத்தமும் 277. மறுநாள் திங்கட்கிழமை இருவரும் 18 குழி பிளேஆஃப், அதாவது சமனை முறிக்கும் ஆட்டம், ஆடியிருக்க வேண்டும். அதில் யார் ஜெயித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. டி விசென்சோ இழந்தது அந்தப் பிளேஆஃபைத்தான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கோல்பியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவரிடம் பிறகு வருகிறேன்.

1968 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு. டி விசென்சோவுக்கு அன்று 45ஆவது பிறந்தநாள். முந்தைய ஆண்டுதான் ஹொய்லேக்கில் ஜாக் நிக்லாஸைப் பின்னுக்குத் தள்ளி பிரிட்டிஷ் ஓப்பனை வென்றிருந்தார். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் கடைசி நாள் தொடங்கும்போது முன்னணியில் இருந்த கேரி பிளேயரைவிட இரண்டு அடி அதிகம் எடுத்துப் பின்னால் இருந்தார். முதல் குழி பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது. இரண்டாவது அடியை 9 அயர்ன் மட்டையால் அடித்தார், பந்து நேராகக் குழிக்குள் போய்விட்டது. பாரைவிட இரண்டு குறைவு, ஈகிள். கூட்டம் பிறந்தநாள் பாட்டுப் பாடியது. அடுத்த இரண்டு குழிகளிலும் பர்டி, பாரைவிட ஒன்று குறைவு. மூன்றே குழியில் நான்கு அடி மிச்சம்! முதல் ஒன்பது குழிகளை 31இல் முடித்தார். அகஸ்டாவில் கடைசி நாளில் அப்படி ஆடுவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. 12, 15, 17 மூன்றிலும் பர்டி. அப்புறம் 18இல் போகி, பாரைவிட ஒன்று அதிகம்.

அந்த போகிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 18ஆம் கிரீனிலிருந்து, அதாவது குழியைச் சுற்றிய புல்தரையிலிருந்து, இறங்கும்போது அவர் மனதில் 17 இல்லை, கைநழுவிப்போன 18தான் இருந்தது. அந்த மனநிலையோடு கிரீனுக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேஜையில் உட்கார்ந்தார். அறை கிடையாது, கூடாரம் கிடையாது. வெட்டவெளியில் ஒரு மேஜை, சுற்றிலும் ஜனம், சத்தம், அந்தப் பக்கம் தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். கார்டைப் பார்த்தும் பார்க்காமலும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இன்னும் மேஜையிலேயே இருந்த ஆரோன்தான் எண்கள் உதைப்பதைக் கவனித்தார். ஆளனுப்பி டி விசென்சோவைத் திரும்ப அழைத்தார்கள். போட்ட கையெழுத்து போட்டதுதான். 65 ஆடியவருக்கு 66, மொத்தம் 278, இரண்டாம் இடம்.

கோல்ஃபில் இந்தக் கார்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கிரிக்கெட்டில் ரன்னை எழுத வெளியே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், பேட்ஸ்மேன் பேனாவைத் தொட வேண்டியதில்லை. இங்கே கூட ஆடுகிறவர்தான் உங்கள் எண்ணை எழுதுவார். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குழிக்கான எண்ணையும் நீங்கள் சரிபார்த்து, இது என் கணக்குதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் கூட்டுவது உங்கள் பொறுப்பு இல்லை, அது கமிட்டியின் வேலை. கூட்டல் பிழைக்கு யாரையும் தண்டிக்க மாட்டார்கள். குழிவாரியான எண்களுக்கு மட்டும் நீங்கள்தான் பொறுப்பு. ஆடியதைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். அதிகமாக எழுதியிருந்தால் அந்த அதிக எண்ணே நிற்கும். டி விசென்சோவுக்கு நடந்தது இரண்டாவது.

ஊரே பார்த்ததே என்கிறீர்கள். சரி, பார்த்தது. அவர் முன்னணியில் இருந்ததால் பார்த்தது. அந்தக் காலத்தில் கடைசிச் சில குழிகளைத்தான் தொலைக்காட்சியில் காட்டுவார்கள், அதுவும் பட்டத்துக்கு மோதுகிறவர்களை. நாற்பதாவது இடத்தில் இருக்கும் ஒருவருக்கு அதே காலையில் ஏழாம் குழியில் இதே பிழை நடந்திருந்தால்? அவருக்கு யார் சாட்சி? கேமரா பின்னால் போகிற ஆளுக்கு ஒரு கணக்கு, மற்றவர்களுக்கு இன்னொரு கணக்கு என்று வைத்தால் அதைத்தான் நான் அநியாயம் என்பேன். விதி கடுமையானதுதான், ஆனால் ஆள் பார்த்து வளையவில்லை.

அந்த மாலை விதியை எப்படியாவது தளர்த்த முடியுமா என்று யோசிக்காமல் இல்லை. போட்டியின் தலைவர் கிளிஃப் ராபர்ட்ஸ் முதலியவர்கள் பாபி ஜோன்ஸிடம் போனார்கள். அகஸ்டா நேஷனலை உருவாக்கியவர் அவர். தண்டுவட நோயால் நடமாட்டம் இழந்து, மைதானத்தை ஒட்டிய தன் குடிலில் இருந்தார். வழி எதுவும் இல்லை என்பதுதான் அவரிடமிருந்தும் வந்த பதில். இந்த இடத்தில் எனக்கு 1925 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு யு.எஸ். ஓப்பனில் ஜோன்ஸ் அடிக்கத் தயாரானபோது பந்து லேசாக அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவராகவே சொல்லித் தன் கணக்கில் ஓர் அடி சேர்த்துக்கொண்டார். கடைசியில் வில்லி மெக்ஃபார்லேனுடன் சமனாகி, பிளேஆஃபில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் பட்டம் அவருடையது. 1968இல் இதைத் தீர்மானிக்க அவரிடம் போய் நின்றார்களே, அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

டி விசென்சோவே விதியைக் குறை சொல்லவில்லை. "நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்" என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டார். ஆரோன் மீது பழி போடவில்லை. கோல்பியை மனதார வாழ்த்தினார். பெருந்தன்மை என்றால் இதுதான். 1970இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவருக்கு ஆட்டக் கண்ணியத்துக்கான பாப் ஜோன்ஸ் விருது கொடுத்தது.

குற்றம் சொல்லத்தான் வேண்டும் என்றால் நான் அந்த மேஜையைச் சொல்வேன், அதாவது அதை அங்கே போட்ட நிர்வாகத்தை. உலகத்தின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றை நடத்துகிறவர்கள், ஒரு மனிதன் பதினெட்டு எண்களை நிதானமாகப் படிக்க நாலு சுவர் கொடுக்கவில்லை. பிறகுதான் கூட்டத்திலிருந்து மறைத்துத் தனி இடம் ஏற்பாடு செய்தார்கள். இன்று எல்லாப் பெரிய போட்டிகளிலும் அப்படித்தான், பக்கத்தில் அதிகாரிகளும் இருப்பார்கள். அப்படியும் பிழை நடக்கிறது. 2024இல் அமெரிக்காவின் ரிவியேரா மைதானத்தில் ஜோர்டன் ஸ்பீத் நான்காம் குழியில் 4 எடுத்துவிட்டு 3 என்றிருந்த கார்டில் கையெழுத்துப் போட்டு வெளியேற்றப்பட்டார்.

இப்போது கோல்பி. அவர் அன்று 13, 14இல் பர்டி, 15இல் ஈகிள் எடுத்து 66 ஆடினார். 17இல் ஓர் அடி நழுவியது. 18இல் சமன் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கிரீனில் கடைசி அடியை உருட்டிக் குழிக்குள் போட்டார். கார்டு விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. மேஜர் எனப்படும் கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் அவருடைய ஒரே பட்டம் அது. அதற்குக் கிடைத்த பரிசு, வசைக் கடிதங்கள். ராபர்ட்டோவைப் போலவே தானும் பாதிக்கப்பட்டவன்தான் என்று பிற்காலத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். 2022இல் இறந்தபோதும் அஞ்சலிக் குறிப்புகளில் அந்தக் கார்டுதான் முன்னால் நின்றது. டி விசென்சோவுக்கு உலகமே அனுதாபப்பட்டது, கோல்பிக்கு யார் பட்டார்கள்? உங்கள் கடிதத்திலும் அவர் பெயர் இல்லை என்பதைக் கவனித்தேன்.

கடைசியாக ஆரோன். எழுதியவருக்குத் தண்டனை இல்லாதது ஏன் என்றால், கையெழுத்துப் போடுகிறவர் சரிபார்ப்பார் என்ற நம்பிக்கையில்தான் இந்த முறையே நடக்கிறது. மார்க்கர், அதாவது எண்ணை எழுதுகிறவர், தெரியாமல் தப்பாக எழுதுவது குற்றமாகாது. அவரைக் கரித்துக்கொட்டியவர்கள் ஏராளம். ஐந்து வருடம் கழித்து, 1973இல், அதே மாஸ்டர்ஸை ஆரோன் வென்றார். கடைசி நாள் அவருடைய கார்டை எழுதியவர் ஜானி மில்லர். 13ஆம் குழியில் ஆரோன் எடுத்த 4ஐ மில்லர் 5 என்று எழுதியிருந்தார். ஆரோன் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அந்த ஆண்டு அவர் ஜே.சி. ஸ்னீடை முந்தியது ஒரே ஓர் அடியில். பார்க்காமல் கையெழுத்திட்டிருந்தால் ஸ்னீடுடன் பிளேஆஃப் ஆட வேண்டியிருந்திருக்கும்.