நண்டு வங்கும் வயல் வரப்பும்

அன்புள்ள ஐயா,

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் வைக்கிறேன். பாறைக் கடற்கரையில் நண்டு தோண்டும் பொந்தால் மற்ற உயிர்கள் பெருகும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வயல் நண்டு வரப்பை ஓட்டையாக்கித் தண்ணீரை வடித்துவிடுகிறது. இதில் யாருக்கு என்ன நன்மைங்க? இந்த வங்கை (பொந்தை) எப்படி அடைப்பது?

வாசகர், கோபி

அன்புள்ள நண்பருக்கு,

கடற்கரையில் கல்லுக்கடியில் மணல் இறுகிவிட்டால் காற்று எட்டாது. மண் கறுத்து அழுகிய முட்டையாக நாறும். நண்டு அதை வாரி வெளியே தள்ளியதும் அலைநீர் உள்ளே புகும், பின்னாலேயே புழுவும் சிறு நத்தையும் குடியேறும். உங்கள் வயலில் வாய்க்காலை அடைத்து மண் வெடிக்கும் மாதங்களில் ஈரம் தங்குவது வங்கின் அடியில்தான். நண்டு கோடையை அங்கே கழிக்கிறது. காலி வங்குகளில் தவளையும் தண்ணிப்பாம்பும் ஒண்டிக்கொள்கின்றன. ‘நண்டு கொழுத்தால் வளையில் இராது’ என்பதெல்லாம் மழைக்காலத்துப் பேச்சு.

எல்லா வங்கும் ஒழுகாது. தண்ணீர் நிற்கும் பக்கத்து வாயில் ஒரு பிடி உமி தூவுங்கள். உள்ளே இழுபட்டால் மறுபக்கம் வழி இருக்கிறது. மிதந்து நின்றால் விட்டுவிடலாம். வாயைச் சுற்றி ஈரமண் உருண்டைகள் கிடந்தால் நண்டு உள்ளேதான். பொடிமண் குவியல் என்றால் எலி.

வாயில் வைக்கோலோ கல்லோ திணிப்பது வீண்வேலை. வைக்கோல் மக்கிவிடும், கல்லோரமாகத் தண்ணீர் அரிக்கும். வங்கு போகும் தடத்திலேயே மம்முட்டியால் வெட்டிக்கொண்டு போய் முதலில் நண்டை எடுங்கள். உள்ளே விட்டு மூடினால் பக்கத்திலேயே புதுவழி போட்டுவிடும். பிறகு களிச்சேற்றை நான்கு விரற்கனம் போட்டு மிதித்து, அதன்மேல் அடுத்தது. மொத்தமாகக் கொட்டினால் நடுவில் பொள்ளல் விழும்.

வயல் நண்டு இளநாற்றைக் கத்தரிப்பதும் உண்டு. தண்டு முற்றும்வரைதான் அந்தத் தொல்லை. நாற்று போன இடத்தில் மறுபடி நட, வயல் மூலையில் கொஞ்சம் நாற்று மிச்சம் வையுங்கள்.

வங்குக்குள் மருந்து ஊற்றாதீர்கள். கடல் நண்டின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து எங்கோ போய்க் கரை சேரும். வயல் நண்டு முட்டையையும் பொரித்த குஞ்சையும் வயிற்று மடிப்பிலேயே சுமந்து, அங்கேயே இறக்கிவிடுகிறது. ஒரு வயலில் அழிந்தால் பக்கத்து வயலிலிருந்து நடந்து வந்தால்தான் உண்டு. சளிக்கு நண்டு ரசம் வைக்க உங்கள் வரப்பில் கைவிட்டுத் தேடுகிறவர்கள் இருப்பார்கள். நீங்கள் ஊற்றியது அவர்களுக்குத் தெரியாது.