யாழ்ப்பாணத்தில பறந்த பழைய அரசுக் கொடிகளை மாதிரியாச் செய்து காட்சிக்கு வைக்க எதைப் பாக்க வேணும்?

சனசமூக நிலையத்து ஆண்டு விழாவுக்கு யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசுகளின்ர கொடிகளை வரிசையா வைக்கப்போறம், ஒன்லைன்ல வாங்கிறதோ தைப்பிக்கிறதோ எண்டு கேட்டிருக்கிறியள். அருமையான யோசனை, கட்டாயம் செய்யுங்கோ. ஆனா காசைக் குடுக்க முதல் ஒவ்வொரு கொடிக்கும் ஆண்டை முடிவெடுங்கோ, ஏனெண்டா ஆண்டது ஒரே நாடெண்டாலும் அவையின்ர கொடி இடையில மாறியிருக்கும், பிழை வாறது முழுக்க அதிலதான்.

போர்த்துக்கேயர் 1619ல யாழ்ப்பாணத்தின்ர கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடிச்ச கதைக்குப் பக்கத்தில சிவப்பு பச்சைக் கொடி தொங்கினதை ஒரு கண்காட்சியில பாத்தனான், சரியான கவலையாப் போச்சு. அது போர்த்துக்கலுக்கு 1911ல வந்த கொடி. 1619க்கு வெள்ளைத் துணியில முடி வைச்ச கேடயம்தான் சரி. ஒல்லாந்தருக்கு சிவப்பு, வெள்ளை, நீலம், நடுவில அவையின்ர கிழக்கிந்தியக் கொம்பனிக் குறி, அதாவது பெரிய வி, அதின்ர ரெண்டு காலிலயும் கோத்தபடி ஓவும் சீயும். பிரிட்டிஷ்காரர் கோட்டையைப் பிடிச்சது 1795ல, அப்ப யூனியன் ஜாக்கில சரிவாப் போற சிவப்புக் கோடு இல்லை, அயர்லாந்து சேந்த பிறகு 1801லதான் அது வந்தது, கடையில இருக்கிறதெல்லாம் பிந்தினதுதான். 1948 சிங்கக்கொடியில பச்சை, செம்மஞ்சள் பட்டை ரெண்டும் இராது, அது 1951ல சேத்தது, மூலையில அரசிலை வந்தது 1972ல.

இனி எங்கட நந்திக்கொடி. இதுக்குத்தான் கூடக் கவனம் வேணும். போர்த்துக்கேயருக்கு முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின்ர கொடி நந்தி எண்டு வழிவழியாச் சொல்லி வருகினம், ஆனா நான் அறிய அந்தக் காலத்துத் துணி ஒண்டும் மிஞ்சேல்லை. கையில இருக்கிற நல்ல சாட்சி அவை அடிச்ச சேது காசுதான், அதில படுத்திருக்கிற நந்தியும் 'சேது' எண்ட எழுத்தும் வடிவாத் தெரியும். இன்டர்நெட்டில கிடக்கிற பளபளப்பான டிசைனை இறக்காமல் அந்தக் காசுப் படத்தைப் பெருப்பிச்சு, திமிலும் மடிச்ச முன்காலும் எப்பிடி இருக்கெண்டு பாத்து வரையுங்கோ. சிவன் கோயில் கொடிச்சீலை எழுதுறவர் ஆரையும் தெரிஞ்சா அவரிட்டையே குடுங்கோ, நந்தி அவையின்ர கைக்குப் பழகினது, பிரிண்ட் கடைக்காரருக்கு அந்த உயிர் வராது.

துணி எண்டு பாத்தா சற்றினும் பொலியெஸ்டரும் வேண்டாம், லைட் பட்டா மினுங்கி நாடகத்துக்குக் கட்டின மாதிரி இருக்கும். ஐரோப்பியக் கொடிகள் அந்தக் காலத்தில மெல்லிய கம்பளித் துணியில தைச்சது, அது இஞ்ச கிடைக்காட்டி மினுக்கமில்லாத பருத்தி போதும். நிறங்களை அச்சடிக்காமல் பட்டை பட்டையா வெட்டி மூட்டித் தைப்பியுங்கோ, கிட்ட நிண்டு பாக்கிற ஆளுக்கு அந்தத் தையல்தான் கதை சொல்லும். பழசாக் காட்டவெண்டு தேயிலைச் சாயத்தில முக்கிறது எனக்குத் துண்டறப் பிடிக்காது, பாக்கிற பிள்ளையள் உண்மையான பழைய கொடியெண்டு நம்பிப் போடுவினம். கம்புப் பக்க ஓரத்தில 'மாதிரி' எண்டும் செய்த ஆண்டும் அழியாத மையால எழுதுங்கோ. நந்திக்கொடிக்குக் கீழ மட்டும் இன்னொரு வரி, 'சேது காசைப் பாத்து வரைஞ்சது' எண்டு, தூர நிண்டும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில போடுங்கோ.