பழைய சீனக் கவிதைகள் படிக்கிறீர்களே, அவை உங்கள் அன்றாட வாழ்க்கையோடு எங்காவது ஒட்டுகின்றனவா?

ஒட்டுகின்றன. எனக்கு அது து ஃபு என்ற பழைய சீனக் கவிஞர் எழுதிய ஒரு நிலாக் கவிதையில் ஆரம்பித்தது. சீனம் தெரியாது, மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறேன்.

கி.பி. 755இல் ஆன் லூஷான் என்ற தளபதி, அப்போது சீனாவை ஆண்ட தாங் அரசுக்கு எதிராகக் கிளம்பினான். அடுத்த வருடம் தலைநகர் சாங்கான் விழுந்தது. து ஃபு மனைவி மக்களை வடக்கே ஃபுஜோ பக்கம் ஒரு கிராமத்தில் விட்டுவிட்டு, புதிய பேரரசரிடம் போய்ச் சேரப் புறப்பட்டார். வழியில் கலகக்காரர்கள் பிடித்துச் சாங்கானுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே எழுதியது அந்தக் கவிதை. எட்டு வரி, மொத்தமே 40 எழுத்து.

'உன்னை நினைத்து ஏங்குகிறேன்' என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. ஃபுஜோவில் மனைவி தனியாக நிலாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்கிறார். பிள்ளைகள் பாவம், சாங்கானை நினைக்கக்கூட அவர்களுக்கு இன்னும் தெரியாது என்கிறார். பனியில் அவள் கூந்தல் நனைந்திருக்கும், நிலவொளியில் கை சில்லிட்டிருக்கும். இரண்டாம் வரியில் தனியாக நிற்கிறவள்மேல் விழும் நிலா, எப்போது நம் இருவர்மேலும் விழும் என்ற கேள்வியோடு கவிதை முடிகிறது.

நான் தோஹாவில் வேலை பார்க்கிறேன், குடும்பம் ஊரில். வெள்ளிக்கிழமை வீடியோ கால் போட்டால் மூன்று வயது மகள் "அப்பா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். திரையில் சுவர், தரை, கதவு, மறுபடி சுவர். எனக்கு மனசு கனத்துப்போகும். அந்த வரியைப் படித்த பிறகு பிள்ளைமேல் இருந்த வருத்தம் போய்விட்டது. நினைக்கத் தெரியாத வயசு. போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடுகிறவளுக்குக் கை வலிக்குமே என்பதும் அப்போதுதான் உறைத்தது.

து ஃபு 757இல் தப்பித்து, அந்த வருடமே வீடு வந்து சேர்ந்தார். அதையும் எழுதியிருக்கிறார். உயிரோடு வந்து நிற்பவரைப் பார்த்து மனைவி மக்கள் திகைத்து, அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்தார் மதில்மேல் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். பிள்ளை அவர் முழங்காலை விட்டு நகரவில்லை, மறுபடி போய்விடுவாரோ என்ற பயம். இந்த வரிக்கு வேறு பொருள் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இதுதான் சரி.

போன லீவு முடிந்து கிளம்பும் அன்று, திறந்து வைத்திருந்த பெட்டிக்குள் மகள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளைச் சுற்றித்தான் துணிகளை அடுக்கினேன்.