ஆறடி மண்ணுக்கு இருபது பவுண்டு
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நதீன் கோர்டிமரின் 'சிக்ஸ் ஃபீட் ஆஃப் தி கன்ட்ரி' சிறுகதையை எங்கள் வாசிப்பு வட்டத்தில் படித்தோம். அந்த வெள்ளை முதலாளி கொடுமைக்காரர் இல்லை, உதவிதான் செய்கிறார். ஆனாலும் அவர்மேல் ஏன் கோபம் வருகிறது? கூலித் தொழிலாளர்கள் ஒரு பிணத்துக்காக 20 பவுண்டு கொட்டிக் கொடுப்பதும் புரியவில்லை.
– வாசகி, திருச்சி

பதில்: மறுபடி படிக்கும்போது பணம் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு வாருங்கள். கதை சொல்பவர் சொகுசுப் பயண நிறுவனம் ஒன்றின் பங்குதாரர். ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பத்து மைல் தள்ளி அவர் வாங்கிய பண்ணையில் லாபம் இல்லை. நிறுவனத்தின் வருமானம்தான் அதைத் தாங்குகிறது. நிலத்தை ஆசைக்கு வைத்துக்கொள்ள முடிவதே அவருடைய வளம். அதே நாட்டில் 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு விட்டுவைத்தது சுமார் 7 சதவீத நிலம். 1936இல் உயர்த்திய வரம்பும் ஏறத்தாழ 13 சதவீதம்தான்.

பண்ணைத் தொழிலாளி பெட்ரஸின் சகோதரன் ரொடீசியாவிலிருந்து (இன்றைய ஜிம்பாப்வே) அனுமதியின்றி நடந்தே வந்து, நிமோனியாவில் இறக்கிறான். அனுமதி இல்லாதவன் என்பதால்தான் அவன் வந்ததையும் நோயில் கிடந்ததையும் மறைக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் தொழிலாளர்களை அசட்டையானவர்களாக எண்ணிவிடுவோம். அதிகாரிகள் உடலைப் பரிசோதனைக்கு எடுத்துப்போய், தாங்களே புதைத்தும் விடுகிறார்கள். தோண்டித் தர 20 பவுண்டு. பெட்ரஸ் அதைக் கசங்கிய நோட்டுகளாகச் சேர்த்துக் கொண்டுவருகிறான். முதலாளிக்கு எரிச்சல், அவர் கணக்கில் வாழ்க்கை தாராளமாகச் செலவழிப்பதற்கு, சாவு என்பது திவால். உயிரோடிருக்கும்வரை ஒரு சாண் நிலம் சொந்தமில்லாதவர்களுக்கோ, சொந்த பந்தம் கூடிச் செய்யும் அடக்கம்தான் கைக்கு எட்டும் ஒரே மரியாதை. அந்தப் பணம் வீண்செலவு அல்ல, அவர்களின் சேமிப்பு போகவேண்டிய இடமே அதுதான்.

சவப்பெட்டியில் வருவது வேறு யாருடைய உடலோ. பாரம் அதிகமாக இருப்பதை வைத்து இறந்தவனின் தகப்பன் கண்டுபிடிக்கிறார். சரியான உடலும் கிடைப்பதில்லை, பணமும் திரும்புவதில்லை. கடைசியில் முதலாளியின் மனைவி தன் தகப்பனாரின் பழைய கோட்டு சூட்டைக் கிழவருக்குக் கொடுக்கிறாள். குளிர்காலத்துக்கு, வந்தபோது இருந்ததைவிட வசதியாகத்தான் அவர் ஊர் திரும்புகிறார் என்று கதைசொல்லி முடிக்கிறார். மகனைப் பறிகொடுத்தவரின் வரவு செலவை ஒரு பழைய சூட்டில் நேர்செய்துவிடுகிறாரே, உங்கள் கோபம் அங்கிருந்துதான் வருகிறது. நியாயமான கோபம்.

கேள்வி: தென்னாப்பிரிக்கக் கதைகளில் நம்மவர்கள் உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் டர்பன் போய் இறங்கினார்கள். பின்னாளில் பலர் அந்நகரின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். அந்த இந்தியக் குடியிருப்பின் வாழ்க்கைதான் ரோனி கோவெண்டரின் 'அட் தி எட்ஜ்' தொகுப்பு (1996). இங்கே வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டே கட்டம் போட்டுப் படித்தால் தடுமாறுவீர்கள். கேட்டோ மேனரில் இந்தியர் நிலத்தில் ஆப்பிரிக்கர்கள் வாடகைக்குக் குடிசை போட்டிருந்தார்கள். கீழே தள்ளப்பட்டவர்களுக்குள்ளேயே நிலக்காரர், குடியிருப்பவர் என்ற பிரிவு. 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் இறந்ததற்குப் பின்னால் இந்தக் கசப்பும் உண்டு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம் பிறகு இரு தரப்பையுமே அங்கிருந்து பெயர்த்தது.

அகமது எசோப்பின் 'தி ஹாஜி' சிறுகதையையும் சேர்த்துப் படியுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் வெள்ளையர் பகுதியான ஹில்புரோவில் வெள்ளைக்காரியோடு வாழப்போன தம்பி, சாகும் தறுவாயில் வீடு திரும்ப விரும்புகிறான். நிறம் தாண்டிப் போனவனை அண்ணன் ஏற்க வேண்டும்.

கேள்வி: கறுப்பின எழுத்தாளர்களில் யாரிடம் தொடங்கலாம்?
– வாசகர், மதுரை

பதில்: இஞ்ஜாபுலோ இண்டெபெலேயின் 'ஃபூல்ஸ்' தொகுப்பு (1983). அதில் வயலின் கற்கும் சிறுவனின் கதையை முதலில் எடுங்கள். பெற்றோர் படித்தவர்கள், விருந்தாளி வந்தால் பையன் வாசித்துக் காட்ட வேண்டும். அதே வயலின் பெட்டியோடு தெருவில் நடந்தால் பையன்களின் கேலி. எந்தக் கதையானாலும் அது நடக்கும் ஆண்டையும் பேட்டையையும் பக்க ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்திய நடமாட்ட அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் 1986இல்தான் நீங்கின. அதற்கு முந்தைய கதை என்றால், பாத்திரம் ஒவ்வொன்றும் அந்த ஊரில் யார் தயவில், என்ன தாளோடு இருக்கிறது என்றும் பாருங்கள்.