பழைய காசுக்கு எந்த விலைப்பட்டியலை நம்புவது?

கேள்வி: அம்மப்பா சேர்த்த நாற்பது காசுகள் பால்மாப் பேணியில் இருக்கின்றன. பெரும்பாலும் விக்டோரியா, ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துச் சதங்கள். 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபாய் வெள்ளிக் காசு ஒன்றும் உண்டு. கிளிநொச்சியில் ஒருவர் தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் காட்டி விலை சொல்கிறார். அதை நம்பலாமா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: அவர் காட்டியது அமெரிக்காவில் அச்சான கிரௌஸ் உலக நாணயப் பட்டியலாகத்தான் இருக்கும். நல்ல புத்தகம். அவர் அதை வாசிக்கும் விதம்தான் எனக்குப் பயம்.

அதில் ஒவ்வொரு காசுக்கும் ‘கேஎம்’ என்று தொடங்கும் ஓர் இலக்கம் இருக்கும். பக்கத்தில், தேய்மானத்துக்கு ஏற்ப நாலைந்து விலைகள், டொலரில். வலது ஓரத்து விலை, அச்சுச்சாலையிலிருந்து வந்த மினுக்கம் போகாத காசுக்கு. பேணிக்குள் உரசிக் கிடந்த உங்கள் காசுக்கு இடது பக்கமே பொருந்தும். தரகர் விற்கும்போது வலது ஓரத்தில் விரல் வைப்பார், வாங்கும்போது இடது ஓரத்தில். அதுவும் கடைக்காரர் விற்கும் விலை; உங்களிடம் வாங்குபவர் அதைவிடக் குறைத்தே தருவார்.

அவரிடம் அந்த இலக்கத்தை மட்டும் எழுதி வாங்குங்கள். நுமிஸ்டா இணையப் பட்டியலில் இலவசமாகவே தேடலாம். புத்தகத்தின் பழைய பதிப்பு காசை அடையாளம் காணப் போதும், விலைக்கு உதவாது. ஜோர்ஜின் செப்புச் சதங்களுக்கோ, புத்தகம் வாங்கும் செலவே அதிகம்.

வெள்ளிக் காசில் ஆண்டைப் பாருங்கள். 1917இன் ஐம்பது சதத்தில் 80 வீதம் வெள்ளி, 1919இல் 55 வீதம்தான். உங்கள் ஐந்து ரூபாய் 28.28 கிராம், அதில் 92.5 வீதம், அதாவது ஏறக்குறைய 26 கிராம் தூய வெள்ளி. விற்கும் நாளில் ஒரு கிராம் வெள்ளியின் விலையால் பெருக்கிப் பாருங்கள். அதைவிடக் குறைத்துக் கேட்டால் பேணியை மூடிவிடுங்கள். புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள்; தேய்த்த காசுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. படத்தைப் பார்த்தே ‘இலட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்’ என்பவருக்குப் பதிலே எழுதாதீர்கள்.

பேணியில் யாழ்ப்பாண அரசரின் சேதுக் காசோ, சோழர் செப்புக் காசோ, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் விஓசி காசோ கிடந்தால் கதை வேறு. வன்னியில் கிணறு வெட்டினாலும் குளக்கட்டைக் கிண்டினாலும் இவை வரக்கூடும். 1815 மார்ச் 2க்கு முந்திய காசு, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள். மண்ணிலிருந்து எடுத்தது அரசுக்குரியது, அறிவித்தே ஆக வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் கனடாவிலிருக்கும் மருமகனுக்குக்கூட அனுப்ப முடியாது. ‘நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்’ என்று தரகர் சொல்வார், மாட்டினால் உங்கள் பெயரைச் சொல்வார். பரம்பரையாக வந்தது என்றால் யார், எப்போது, எங்கே வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த விதியைத் தெளிவான தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கிராம அலுவலர் வாசலில் ஒட்டினால் எத்தனையோ பேர் தப்புவார்கள். அதற்கு யாருக்கு நேரம்? அனுமதிப்பத்திரப் படிவத்தை எந்த மேசையில் கொடுப்பது என்பதற்கே ஒரு நாள் போகிறது.

முதலில் அந்த ஐந்து ரூபாயை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஓரிரு கிராம் குறைந்தாலே சந்தேகப்படுங்கள்.