பக்கத்து நிலத்தில் உப்புநீரை உள்ளே செலுத்தும் கிணறு இருக்கிறது, அந்த கம்பெனி அரசுக்குக் கொடுக்கும் அறிக்கையை நம்பி என் போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாமா?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் மிட்லண்டுக்கு வெளியே சொந்தப் போர்வெல்லோடு ஒரு வீடு வாங்கப் போகிறார். அரை மைல் தூரத்தில் எண்ணெய்க் கம்பெனியின் கழிவுநீர்க் கிணறு ஒன்று ஓடுகிறது. "எல்லாம் அரசுக்கு ரிப்போர்ட் போகுது, பயப்படாதீங்க" என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அந்த ரிப்போர்ட்டில் என்ன இருக்கும், அதை நம்பலாமா என்பது கேள்வி.

நான் ஹூஸ்டனில் இந்தப் படிவங்களை நிரப்பும் பக்கத்தில்தான் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், அந்த அறிக்கை செலுத்தும் கிணற்றைப் பற்றியது, உங்கள் தண்ணீரைப் பற்றியது அல்ல. உங்கள் போர்வெல் தண்ணீரை யாரும் சோதித்து யாருக்கும் அறிக்கை அனுப்புவதில்லை. ஆனாலும் அந்த அறிக்கை பொதுவில் கிடைக்கிறது, படிக்கத் தெரிந்தால் உபயோகமானது.

முதலில் உள்ளே போவது என்ன என்று பார்ப்போம். அந்தப் பக்கத்தில் (பெர்மியன் படுகை என்பார்கள்) ஒரு பீப்பாய் எண்ணெய் எடுத்தால் கூடவே மூன்று நான்கு பீப்பாய் உப்புநீர் வந்துவிடும், சில கிணறுகளில் அதற்கும் மேல். சாதாரண உப்புநீர் இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு என்றால் இதில் பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டும், அதோடு பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கொஞ்சம் பென்சீன், சிலநேரம் இயற்கைக் கதிரியக்கத் தனிமம் எல்லாம் இருக்கும். ஆற்றில் விட முடியாது, சுத்திகரிக்கச் செலவு அதிகம், அதனால் திரும்ப ஆழத்தில் ஒரு பாறை அடுக்குக்குள் அழுத்தி அனுப்புகிறார்கள்.

இதற்கான சட்டம் 1974-இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம். அதன் கீழ் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (ஈபிஏ) உட்செலுத்தும் கிணறுகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருக்கிறது. எண்ணெய், எரிவாயு சம்பந்தப்பட்டவை இரண்டாம் வகுப்பு, நாடு முழுக்க சுமார் 1,80,000 கிணறுகள். லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்குக் குறைவான உப்புள்ள நிலத்தடி நீர் எல்லாவற்றையும், இன்றைக்கு யாரும் குடிக்காவிட்டாலும், பொதுவாகக் காப்பாற்ற வேண்டிய குடிநீர் ஆதாரமாகவே சட்டம் பார்க்கிறது, முறைப்படி விலக்கு வாங்கிய அடுக்குகள் தவிர. இந்த எல்லையை நல்ல தொலைநோக்கோடு வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. டெக்சாஸில் இரண்டாம் வகுப்பை நடத்தும் அதிகாரத்தை 1982-இல் ரெயில்ரோடு கமிஷனிடம் ஈபிஏ கொடுத்துவிட்டது. பெயரைப் பார்த்து ரயில் ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களுக்கும் ரயிலுக்கும் இப்போது சம்பந்தமே இல்லை, எண்ணெயும் எரிவாயுவும்தான் வேலை.

சரி, அறிக்கை. கிணற்றை நடத்துகிறவர் செலுத்தும் அழுத்தத்தையும் அளவையும் குறைந்தது மாதம் ஒருமுறை அளக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை ஹெச்-10 என்ற படிவத்தில் அனுப்ப வேண்டும். மாதத்துக்கு ஒரு வரி என்று பன்னிரண்டு வரி, ஒவ்வொன்றிலும் எத்தனை பீப்பாய் போனது, சராசரி அழுத்தம் என்ன, உச்ச அழுத்தம் என்ன என்று இருக்கும். அளப்பதும் கம்பெனி, எழுதுவதும் கம்பெனி, ஜனவரியில் நடந்த ஒரு விஷயம் படிவத்தில் ஏறி நீங்கள் பார்க்கும்போது ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகியிருக்கலாம். அபாயகரமான கழிவைச் செலுத்தும் முதல் வகுப்புக் கிணறுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை, தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் கருவி என்று விதி கடுமையாக இருக்கும்போது எண்ணெய்க் கழிவுநீருக்கு மட்டும் ஏன் இந்த தாராளம் என்றால், 1980-இல் நாடாளுமன்றமே எண்ணெய் மாநிலங்களுக்காக ஒரு தனிப் பிரிவைச் சேர்த்தது, கூட்டாட்சி விதியை வரிக்கு வரி பின்பற்ற வேண்டாம், உங்கள் திட்டம் பலன் தருகிறது என்று காட்டினால் போதும் என்று. அரசியல்தான், வேறென்ன.

இருந்தாலும் ஹெச்-10-ஐ எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். அனுமதிப் பத்திரத்தில் உச்ச அழுத்தம் ஒன்று எழுதியிருக்கும். டெக்சாஸில் வழக்கமான கணக்கு, செலுத்தும் அடுக்கின் மேல்மட்டம் வரைக்கும் அடிக்கு அரை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), அதாவது 5,000 அடி என்றால் 2,500 பிஎஸ்ஐ. பாறையைப் பிளக்காமல் இருப்பதற்கான வரம்பு இது. உச்ச அழுத்தம் மாதா மாதம் அந்த வரம்பை ஒட்டியே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து அளவையும் அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள், தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அளவு குறைந்துகொண்டே வருகிறது ஆனால் அழுத்தம் ஏறுகிறது என்றால் கீழே இடம் நிரம்புகிறது அல்லது துளைகள் அடைபடுகின்றன. அதைவிட மோசமானது, அளவு அப்படியே இருக்க அழுத்தம் மட்டும் திடீரென்று இறங்குவது. தண்ணீர் போக ஏதோ ஒரு சுலபமான வழி கிடைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமாக இருக்கலாம், குழாயில் ஓட்டையாகவும் இருக்கலாம். அப்புறம் பன்னிரண்டு மாதமும் ஒரே எண் எழுதியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். நான் முன்பு இருந்த ஒரு சின்ன கம்பெனியில் அழுத்தமானி உடைந்து பல மாதம் ஆன பிறகும் பழைய எண்ணே படிவத்தில் போய்க்கொண்டிருந்தது, கேட்டால் "கமிஷன் ஒண்ணும் கேட்கலையே" என்பார்கள்.

என்னைக் கேட்டால் ஹெச்-10-ஐவிட முக்கியமான தாள் ஹெச்-5. கிணறு ஒற்றைக் குழாய் அல்ல. வெளியே சிமென்ட் போட்ட கேசிங், உள்ளே உப்புநீர் போகும் டியூபிங், அடியில் இரண்டுக்கும் நடுவே அடைப்பாக பேக்கர். டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அனுலஸ் என்பார்கள், அங்கே அழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்த இடைவெளியில் 200 முதல் 500 பிஎஸ்ஐ வரை அழுத்தம் ஏற்றி, சைக்கிள் டியூபில் காற்றடித்து இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல, அரை மணி நேரம் பிடித்து வைத்துப் பார்ப்பார்கள். முடிவு ஹெச்-5 படிவத்தில் போகும். சோதனைக்கு முன்பே கமிஷனின் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் ஆள் வந்து பார்க்கலாம், வராமலும் போகலாம். உங்கள் பக்கத்துக் கிணற்றின் கடைசி ஹெச்-5 என்றைக்கு, பாஸா ஃபெயிலா, ஃபெயில் என்றால் என்ன பழுது பார்த்தார்கள் என்பதைத் தேடிப் பிடியுங்கள். வருடக் கணக்கில் பீப்பாய் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட இது நிறையச் சொல்லும்.

அவசரத்துக்கும் விதி இருக்கிறது. கசிவைக் காட்டும் அழுத்த மாற்றம் எதுவும் தென்பட்டால் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். கவனியுங்கள், சொல்ல வேண்டியது அலுவலகத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று இந்த விதியில் இல்லை. இல்லினாய் மாநிலம் டிகேட்டர் ஊரில் நடந்தது நினைவிருக்கலாம். அங்கே ஏடிஎம் (ADM) என்ற வேளாண் பொருள் கம்பெனி கார்பன் டை ஆக்சைடைப் பூமிக்குள் செலுத்துகிறது, அது ஆறாம் வகுப்பு, விதிகள் இரண்டாம் வகுப்பைவிட ரொம்பக் கடுமையானவை, அனுமதி கொடுத்ததே ஈபிஏ நேரடியாக. ஒரு கண்காணிப்புக் கிணற்றின் குழாய் அரித்து, போகக்கூடாத அடுக்குக்குத் திரவம் போய்விட்டது. கம்பெனிக்குத் தெரியும், ஈபிஏவுக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்கு 2024 செப்டம்பரில் செய்தி வெளியானபோதுதான் தெரிந்தது. குடிநீர் கெட்டதாக ஈபிஏ சொல்லவில்லை. ஆனால் ரிப்போர்ட் போகிறது என்பதை உங்களுக்குத் தெரியவரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்காகச் சொன்னேன்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன், இது எந்த ஹெச் படிவத்திலும் வராது. பெர்மியனில் நூறு வருடமாகத் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய கிணறுகளில் பல சரியாக மூடப்படாதவை, சிலவற்றுக்குச் சொந்தக்காரரே இல்லை. டெக்சாஸில் மட்டும் அப்படி அநாதையாக விடப்பட்ட கிணறுகள் எட்டாயிரத்துக்கும் மேல் கமிஷன் பட்டியலிலேயே இருக்கின்றன, பட்டியலில் ஏறாதவை தனி. புதுக் கிணறு பளபளவென்று எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆகும், ஆனால் அது கீழே ஏற்றும் அழுத்தம் பக்கவாட்டில் பரவி 1950-களில் தோண்டிய ஏதோ ஒரு துருப்பிடித்த துளை வழியாக மேலே ஏறலாம். அப்போது செலுத்தும் கிணற்றின் அறிக்கையில் எல்லா எண்ணும் ஒழுங்காகவே இருக்கும். 2022 ஜனவரியில் மிட்லண்டுக்குத் தெற்கே கிரேன் கவுண்டியில் பல பத்தாண்டு பழைய கிணறு ஒன்று திடீரென்று உப்புநீரை வானத்துக்குப் பீய்ச்சியடித்ததை டிவியில் காட்டினார்கள்.

இதனால்தான் அனுமதி கொடுக்கும்போது சுற்றுவட்டாரத்தில் உள்ள பழைய கிணறுகளை ஆராய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த வட்டம் நெடுங்காலமாகக் கால் மைல்தான், 400 மீட்டர். பெர்மியனில் 2025 ஜூன் முதல் புது அனுமதிகளுக்கு அதை அரை மைலாக ஆக்கியிருக்கிறார்கள், அழுத்த வரம்பையும் இறுக்கியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்துக் கிணற்றின் அனுமதி அதற்கு முந்தையது என்றால் உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பழைய துளைகளை யாரும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமே இருந்திருக்காது. அனுமதித் தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

இப்படி ஆழத்தில் செலுத்துவதால் வரும் நிலநடுக்க விஷயமும் இதில் கலக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கார்டன்டேல் சுற்றுப்புறத்தை 2021-இல் நிலநடுக்கப் பகுதியாக அறிவித்து, அந்த வருடக் கடைசியில் ஆழமான அடுக்குகளில் செலுத்துவதை நிறுத்தச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமே, அதனால் மேலடுக்குகள் மீது சுமை கூடுகிறது, மேலடுக்கு என்றால் பழைய கிணறுகளுக்கும் குடிநீருக்கும் கொஞ்சம் நெருக்கம். ஒரு நல்ல விளைவு என்னவென்றால் இந்தப் பகுதிகளில் தினசரி அளவும் அழுத்தமும் கேட்டு வாங்குகிறார்கள், வருடாந்தர ஹெச்-10-க்காகக் காத்திருக்க வேண்டாம். தினசரி எண் கொடுக்க முடியாது என்று வருடக்கணக்காகச் சொன்ன தொழில் இது, கேட்டதும் கொடுத்துவிட்டது பாருங்கள்.

இன்னொரு விஷயம், எண்ணெய்க் கிணற்றையே பார்த்துக்கொண்டிருக்காமல் பக்கத்தில் பழைய மெக்கானிக் ஷெட் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். தரையில் வடிகால் வைத்து எண்ணெயும் கரைப்பானும் நேராக மண்ணுக்குள் இறங்க விடுவதும் உட்செலுத்தும் கிணறுதான், ஐந்தாம் வகுப்பு. எண்ணிக்கையில் இதுதான் பெரிய வகுப்பு, ஈபிஏ மதிப்பீட்டில் ஆறரை லட்சத்துக்கும் மேல், அறிக்கையோ மிகக் குறைவு. பெரும்பாலும் எங்கே இருக்கிறது, யாருடையது, என்ன வகை என்று ஒருமுறை பதிந்துவிட்டால் முடிந்தது. வண்டிக் கழிவுக்குப் புதிதாக அப்படி அமைப்பதை 2000-இல் தடை செய்துவிட்டார்கள், பழையது ஊருக்கு ஊர் கிடக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்வது. தனியார் போர்வெல்லுக்குக் கூட்டாட்சிக் குடிநீர்த் தரங்கள் பொருந்தாது, ஆகவே சோதிப்பது உங்கள் பொறுப்பு. வீட்டை வாங்கும் முன்பே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்தக் கரைந்த உப்பு, குளோரைடு, புரோமைடு, சோடியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், பென்சீன், மீத்தேன் சோதியுங்கள். மாதிரியை ஆய்வக ஆளே வந்து எடுக்கட்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவோடு. பின்னால் தகராறு வந்தால் நீங்களே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனது செல்லாது. இந்த முதல் சோதனை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மிட்லண்ட் பக்கத்து நிலத்தடி நீர் இயற்கையாகவே அப்படியொன்றும் அமிர்தம் இல்லை, உப்பும் ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் பல இடங்களில் கூடுதல். "முன்பே இப்படித்தான் இருந்தது" என்று கம்பெனி சொல்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதத்தை வைத்து உப்பு எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா வேறெங்கிருந்தாவது வந்ததா என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும், அதனால் புரோமைடை விட்டுவிடாதீர்கள். ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது எண்ணெய்க்காக அல்ல, குடிக்கப் போகும் உங்களுக்காக. முடிவு சரியாக வந்தால் குடிக்கலாம், வருடா வருடம் குறைந்தது உப்பையும் குளோரைடையும் மட்டுமாவது திரும்பப் பாருங்கள், குளோரைடு முதல் சோதனையைவிட ஏறிக்கொண்டே போனால் குடிப்பதை நிறுத்திவிட்டு முழுச் சோதனை.

ரெயில்ரோடு கமிஷன் தளத்தில் ஒரு பொது வரைபடம் இருக்கிறது, இலவசம். வீட்டு முகவரியைப் போட்டுச் சுற்றி ஒரு மைலில் உள்ள எல்லாக் கிணறுகளையும், முக்கியமாக மூடப்பட்டவை, கைவிடப்பட்டவை எவை என்று பாருங்கள். செலுத்தும் கிணற்றின் எண் கிடைத்தால் அதன் அனுமதி, ஹெச்-10, ஹெச்-5 எல்லாம் அங்கேயே தேடலாம். தளம் பழைய காலத்து வடிவம், பொறுமை வேண்டும். வாங்கிக் குடியேறிய பிறகு கவுண்டி செய்தித்தாளில் வரும் அனுமதி விண்ணப்ப விளம்பரங்களையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்ப்புத் தெரிவிக்க 15 நாள்தான் தருவார்கள். தண்ணீரில் மாற்றம் தெரிந்தால் கம்பெனிக்கு போன் போடுவதற்கு முன் மிட்லண்டிலேயே இருக்கும் கமிஷனின் மாவட்ட அலுவலகத்துக்கு உங்கள் இரண்டு சோதனை முடிவுகளையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள், புகார் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.